‘பெனிபிஷியரி’ சேர்க்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை நம் வணிகர்களுக்கு நிற்க நேரமிருக்காது. கடையில் கூட்டம், சரக்கு இறக்க ஆள் போதாது. அந்த நேரத்தில் மண்டிக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால், “நீயே போட்டுவிடு தம்பி” என்று கணக்குப்பிள்ளையிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறோம். ஓ.டி.பி. வரும் செல்போனும் அவர் மேஜையிலேயே கிடக்கும். இதில் உள்ள ஆபத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இங்கே பார்ப்போம்.

காசோலையில் இருந்த பாதுகாப்பு

காசோலைக் காலத்தில் கணக்குப்பிள்ளை எழுதுவார், முதலாளி கையெழுத்திடுவார். யாருக்கு, எவ்வளவு என்ற இரண்டும் ஒவ்வொரு முறையும் முதலாளியின் கண்ணில் பட்டன. வங்கி மென்பொருளில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பணம் பெறுபவரின் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண் ஆகியவற்றை ஒரே ஒருமுறை பதிவு செய்கிறோம். இதைத்தான் ‘பெனிபிஷியரி’ சேர்ப்பது என்கிறார்கள். அதன்பின் எத்தனை முறை பணம் அனுப்பினாலும் பட்டியலில் உள்ள பெயரைத் தொட்டால் போதும்.

ஆகவே பணம் எங்கே போகிறது என்பது அனுப்பும் நாளில் அல்ல, பெயர் சேர்க்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பல வங்கிகளின் மென்பொருளில், நாமாகச் சூட்டும் அடையாளப் பெயர்தான் பட்டியலில் முன்னே தெரியும். ‘விருதுநகர் பருப்பு மண்டி’ என்ற அடையாளப் பெயரில் வேறு எவருடைய கணக்கு எண்ணும் இருக்க முடியும்.

பெயர் தப்பினால் என்ன ஆகும்?

எடுத்துக்காட்டாக, விருதுநகரிலிருந்து பருப்பும் வத்தலும் வாங்கும் ஒரு தென்காசி மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். “அண்ணாச்சி, எங்கள் பழைய கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று மண்டியின் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. கடைப் பையன் அதை நம்பிப் புதிய எண்ணைச் சேர்த்து, இரண்டு லட்சம் அனுப்பிவிடுகிறார். பத்து நாள் கழித்து மண்டியிலிருந்து பாக்கி கேட்டுப் போன் வரும்போதுதான் உண்மை தெரியும். சரக்குக் கடனும் தீரவில்லை, பணமும் கையில் இல்லை.

பெயர் ஒன்று, எண் வேறொன்று என்றால் வங்கி தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். மின்னணுப் பணப்பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வங்கிகள் வரவு வைக்கலாம் என்றும், சரியான விவரம் தருவது அனுப்புபவரின் பொறுப்பு என்றும் ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. மேலும், வாடிக்கையாளரே பாஸ்வேர்டு போன்றவற்றைப் பிறரிடம் கொடுத்து நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சேரும் என்பது 2017 ஜூலையில் வெளியான அதன் சுற்றறிக்கை.

வங்கிகளுக்கே நேர்ந்தது

2016 பிப்ரவரியில் வங்கதேசத்தின் மத்திய வங்கிக் கணினிக்குள் புகுந்தவர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலரைப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இலங்கைக்கு அனுப்பிய இன்னொரு 2 கோடி டாலர் தப்பியது. பணம் பெறும் அமைப்பின் பெயரில் ‘பவுண்டேஷன்’ என்ற சொல் எழுத்துப் பிழையுடன் இருந்ததை இடையிலிருந்த வங்கி கவனித்ததே காரணம்.

நம் மாநிலத்திலும் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் இதுபோல் நடந்தது. ஏறத்தாழ 20 லட்சம் டாலர் மதிப்பில் மூன்று போலி உத்தரவுகள் வெளிநாடுகளுக்குச் சென்றிருந்தன. கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் அன்றாட வேலையில்தான் அது வெளிப்பட்டது. உடனே தகவல் அனுப்பியதால் ஒரு தொகை தடுத்து நிறுத்தப்பட்டது. பெயரைப் பார்ப்பதும், தினமும் கணக்கு ஒப்பிடுவதும் பெரிய வங்கிகளையே காத்திருக்கின்றன. நமக்கும் அவையே காவல்.

செய்ய வேண்டியவை

1. நடப்புக் கணக்குக்கு, ஒருவர் மட்டும் இயக்கும் வகை, பலர் இயக்கும் வகை என்று இரண்டு விதமாக நெட் பேங்கிங் கிடைக்கிறது. கடையில் வேறொருவர் பணம் அனுப்புவதாக இருந்தால் இரண்டாவது வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் பதிவு செய்பவர் ‘மேக்கர்’, ஒப்புதல் தருபவர் ‘செக்கர்’. கணக்குப்பிள்ளை மேக்கர், முதலாளியோ பங்குதாரரோ செக்கர்.

2. பணம் அனுப்புவதற்கு மட்டுமல்ல, பெனிபிஷியரி சேர்க்கவும், திருத்தவும் செக்கரின் ஒப்புதல் தேவை என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

3. கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணில் பேசாதீர்கள். பழைய பில்லில் உள்ள எண்ணில் மண்டிக்காரரை அழைத்து, அவர் வாயால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் கணக்கு எண்ணை இட்டதும் உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் பில்லில் உள்ள பெயருடன் ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் தாருங்கள்.

5. புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் நாளே பெரிய தொகை அனுப்பாதீர்கள். சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று கேட்டு, பிறகு பாக்கியை அனுப்பலாம்.

6. ஓ.டி.பி. வரும் செல்போன் முதலாளியிடமே இருக்கட்டும்.

7. சீசனுக்கு வந்த ஆள் விலகும் நாளிலேயே அவருடைய யூசர் ஐ.டி.யை ரத்து செய்ய வங்கிக்கு எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பெனிபிஷியரி பட்டியலைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு, வியாபாரத் தொடர்பு இல்லாத பெயர்களை நீக்குங்கள்.

தவறாகப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்கக் கூடாது. அந்த நிமிடமே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் நிறுத்தினால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

“இருபது வருடமாக இருப்பவரை நம்பாமல் இருப்பதா?” என்று சிலர் கேட்பார்கள். ஒரே கையில் எல்லாம் இருக்கும்போது பணம் காணாமல் போனால், தப்பு யார் செய்திருந்தாலும் முதலில் சந்தேகம் விழுவது அவர் மேல்தான். இரண்டு பேர் பார்த்து அனுப்பும் முறை முதலாளியின் பணத்துடன் நேர்மையான கணக்குப்பிள்ளையின் நல்ல பெயரையும் காப்பாற்றும். அடுத்த சாரல் தொடங்குமுன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, அவருடன் உட்கார்ந்து உங்கள் பெனிபிஷியரி பட்டியலைப் பார்த்துவிடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.