தெய்வநிந்தையும் பகைமூட்டும் பேச்சும்

தெய்வநிந்தை என்பது ஒன்று. ஒரு சமயத்தாரைப் பகைக்குமாறு மக்களைத் தூண்டும் பேச்சு மற்றொன்று. முன்னதற்கு இலக்காவன கடவுளும் கொள்கையும். பின்னதற்கு இலக்காவார் உடன்வாழும் மக்கள். இவ்வேறுபாட்டைச் சட்டம் எங்ஙனம் கண்டதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்தில் 1676-ஆம் ஆண்டு டெய்லர் என்பான்மீது நடந்த வழக்கில், தலைமை நீதிபதி ஹேல் என்பார், கிறிஸ்து சமயம் நாட்டுச் சட்டத்தின் ஒரு கூறாதலின் அதனை இகழ்தல் அரசுக்கு மாறான குற்றமாமெனத் தீர்ப்பளித்தார். சல்மான் ருஷ்டியின் நூல்பற்றி இஸ்லாமியர் அப்பாதுகாப்பை வேண்டியபொழுது, அது கிறிஸ்து சமயத்திற்கே உரியதென 1990-இல் நீதிமன்றம் கூறிற்று. பின்னர் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், சமயங் காரணமாக ஒரு கூட்டத்தார்மீது பகைமூட்டும் நோக்குடன் அச்சுறுத்தும் சொற்களை வழங்குதலைக் குற்றமாக்கிற்று. கொள்கையை மறுத்தலும் எள்ளலும் அதன்பாற் படாவென்றும் வரையறுத்தது. பழைய தெய்வநிந்தைச் சட்டம் 2008-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒழிக்கப்பட்டது.

நம் நாட்டு வரலாறு வேறு. 1898-இல் தண்டனைச் சட்டத்திற் சேர்ந்த 153-ஏ பிரிவு, வகுப்பார்க்கிடையே பகை விளைத்தலைத் தடுத்தது. நபிகள் நாயகத்தை இழித்துரைத்த ஒரு சிறுநூலின் வெளியீட்டாளரை, மறைந்த ஆசிரியரை இகழ்தல் அப்பிரிவில் அடங்காதென லாகூர் உயர்நீதிமன்றம் 1927-இல் விடுவித்தது. அதனாலெழுந்த கிளர்ச்சியையடுத்து, அவ்வாண்டிலேயே 295-ஏ பிரிவு இயற்றப்பட்டது. அவ்வெளியீட்டாளர் 1929-இற் கொலையுண்டார். ஒரு வகுப்பாரின் சமய உணர்ச்சியைப் புண்படுத்த வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு, அவர் சமயத்தை இகழ்தலே அப்பிரிவு கூறுங் குற்றம். எண்ணமின்றியோ கவனக்குறைவாலோ நேர்ந்த இகழ்ச்சி அதில் அடங்காதென உச்சநீதிமன்றம் 1957-இல் ராம்ஜி லால் மோதி வழக்கில் விளக்கிற்று. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக நிற்கின்றது.

இப்பிரிவு இரண்டற்கும் இடைப்பட்டதாகும். என்னை? இகழப்படுவது சமயம், காக்கப்படுவது மக்களின் உணர்ச்சி. உணர்ச்சியோ ஆளுக்காள் வேறுபடும். ஆதலின் நோக்கம் என்னும் வரம்பு தளருமாயின், சிறிதே புண்படுவார் பிறர் வாயை யெல்லாம் அடைத்துவிடலாம்.

அற்றேல், சிவநிந்தையைக் கேட்டும் வாளாவிருத்தல் சைவர்க்குத் தகுமோ எனின், தகாது. மறுத்துரைத்தலும், அவ்விடம் விட்டகலுதலும் நம் கடன். ஆயினும் விகாரமில்லாத முதல்வன் நிந்தையாற் குறைதலும் துதியால் நிறைதலும் இலன். அவனைக் காத்தற்கு அரசின் கோல் வேண்டுவதின்று. வேண்டுவது எளியராகிய உயிர்கட்கே.

இன்னுமொன்று நோக்கற்பாலது. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பதினான்கு மதங்களை எடுத்தோதி மறுத்தார். யாம் மடத்திற் பாடங் கேட்ட நாளில், பிறர்கொள்கையை அவர்தாமே உடன்படுமாறு முதலிற் கூறிப் பின்னரே மறுத்தல் வேண்டும். இன்றேல் ஆசிரியர் மேலே செல்ல விடார். மறுத்தலே குற்றமாயின், பரபக்கத்தை ஓதுவிப்பாரும் குற்றவாளிகளேயாவர்! ஆனால் அம்மதத்தாரை ஊரினின்று துரத்துக, அவர் கடையிற் கொள்ளற்க என ஒருவன் கூட்டத்தைத் தூண்டுவானாயின், அது பரபக்கமன்று, பகையேயாம்.

ஆதலின் ஒரு சொல்லைக் குற்றமென்னுமுன், அது சுட்டியது கொள்கையையோ மக்களையோ, அதன் நோக்கம் உண்மை காண்டலோ தீங்கு விளைத்தலோ என வினாவுக. பிறர்மாட்டு வினாவுமுன் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் இவ்வினாவை நிகழ்த்துதல் நமக்கு முறையாம்.