படுகளத்து மண்

"சின்ன வயசுல பார்த்த கூத்து மாதிரி இப்ப இல்லப்பா." பங்குனி பிறந்து பாரதத்துக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டால், உத்திரமேரூர்ப் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். சொல்கிறவர்களின் ஏக்கம் உண்மையானது. டீ ஆறுவதற்குள் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், அறுவடை முடிந்த கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் பாடிப் பொருள் சொல்வார். இரவில் கூத்து நடக்கும். பகடை துயில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை. பத்து மணிவாக்கில் தொடங்கினால் முடிய விடிந்துவிடும். கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி.

இதில் பிள்ளைகளின் இடம் ஆட்டக்களத்தை ஒட்டிய முன்வரிசைத் தரை. அங்கிருந்து துரியோதனன் வருகையைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்பார்கள். பின்னாலிருந்து விருத்தம் கேட்கும். திரைக்குக் கீழே சலங்கைக் கால்கள், மேலே கிரீடத்தின் உச்சி. நடுவில் இருப்பதைப் பிள்ளை தானாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இப்படி வெகுநேரம் காக்கவைத்த பிறகே திரை விலகும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. வேஷக்காரர் சுழலச் சுழல வெளிச்சம் தெறிக்கும். அண்ணாந்து பார்க்கிற ஐந்து வயதுக்கு அவர் பனை உயர ராஜா. நாற்பது வயதில் ஓரமாக நின்று பார்த்தால் அதே வேஷம் ஆள் உயரம்தான்.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளைகள் பாதியில் தூங்கிப்போவார்கள். மிருதங்கம் அதிர்ந்து கண் விழித்தால் சபையில் பாஞ்சாலி அழுதுகொண்டிருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்பதை அவர்களே கட்டிக்கொள்வார்கள். பெரியவர்களுக்குக் கதை முழுக்கத் தெரியும். அதனால் பாட்டின் சுருதியையும் கட்டியங்காரனின் பேச்சையும் ரசிப்பார்கள். கர்ணன் சாகும்போது, சின்ன வயதில் வராத கண்ணீர் வரும். ஒன்று குறைந்த இடத்தில் இன்னொன்று வந்து சேர்கிறது. பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்ததும் மைக் வந்ததும் மாற்றம்தான். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் பார்க்கிறவரின் வயது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். காலத்தை வெல்ல வேண்டும் என்றே கல்லில் வெட்டியவை. படுகளத்தில் மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனனோ ஒரே ஒரு காலைக்காகச் செய்யப்படுகிறவன். ஆள் உயரத்தைப் போலப் பலமடங்கு நீளம். மண் குழைத்து உடம்பு போட்டு, முகம் எழுதி, தொடையில் செந்நீர் வைத்து மூடுவார்கள். பீமன் அந்தத் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். ஆட்டம் ஓய்ந்ததும் சனம் அந்த மண்ணை அள்ளிப்போய் வீட்டில் வைக்கும், விளைச்சல் பெருகட்டும் என்று.

மறு பாரதத்துக்குப் புதிதாகத்தான் செய்தாக வேண்டும். இந்தக் கலையின் பலமே அதுதான் என்று நான் நம்புகிறேன். ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் மண் காலாகி, கையாகி, மீசை வைத்த முகமாவதைக் கிட்ட நின்று பார்க்கிறார்கள். பார்த்தவர்களில் சிலர் வேஷம் கட்ட வருகிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் அங்கே பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள்.

ஆகவே, பழைய கூத்து இல்லையே என்று வருந்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் கோடையில் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்காலி வேண்டாம், முன்னால் தரையில் பாய் போடுங்கள். கதையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். தூங்கினால் தூங்கட்டும். விடிந்ததும் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள்.