இயங்குதளங்களின் முதன்மைப் பதிப்பெண்: உயர்த்துதற்குரிய தருணம்

இயங்குதளம் ஒன்றின் பதிப்பெண்ணில் முதற்புள்ளிக்கு இடப்புறம் நிற்பது முதன்மைப் பதிப்பெண் ஆகும். பழைய நிரல்களுடனான இணக்கம் முறியும்போது இவ்வெண்ணை உயர்த்த வேண்டும் என்பது மென்பொருள் நூலகங்களை உருவாக்குவோரிடையே பரவலாக ஏற்கப்பட்ட நெறி. இந்நெறி இயங்குதளங்களுக்கு எளிதில் பொருந்துவதில்லை என்பதற்கு லினக்ஸ் கெர்னலின் வரலாறு சான்றாகும்.

லினக்ஸ் 1.0 பதிப்பு 1994இலும் 2.0 பதிப்பு 1996இலும் வெளிவந்தன. அதன்பின் 15 ஆண்டுகள் முதலெண் மாறவில்லை. அக்காலத்தில் இரண்டாம் எண்ணே பொருள் தந்தது: அது இரட்டைப்படையாயின் நிலையான பதிப்பு, ஒற்றைப்படையாயின் சோதனைப் பதிப்பு. 2003 டிசம்பரில் 2.6 வெளிவந்த பின்னர் இம்முறை கைவிடப்பட்டது. மாற்றங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டமையால், 2.6 என்பது பொருளற்ற முன்னொட்டாய் எஞ்சியது. 2.6.39ஐ அடுத்து 2011 ஜூலையில் 3.0 வந்தது. அதில் பெரும் புதுமை ஏதுமில்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸே அறிவித்தார். பின்னர் 3.19க்குப் பின் 4.0, 4.20க்குப் பின் 5.0, 5.19க்குப் பின் 6.0 என இரண்டாம் எண் இருபதை நெருங்கும்போதெல்லாம் முதலெண் உயர்ந்தது. கைவிரல்களும் கால்விரல்களும் எண்ணித் தீர்ந்துவிடுகின்றன என்பதே அவர் வேடிக்கையாகக் கூறிய காரணம். வேடிக்கைக்குப் பின்னே ஒரு கொள்கை உண்டு. பயனர் நிரல்களின் இயக்கத்தைக் கெர்னல் குலைத்தலாகாது என்பது அத்திட்டத்தின் உறுதியான விதி. இணக்க முறிவையே அளவுகோலாகக் கொண்டால் லினக்ஸின் முதலெண் என்றுமே உயராது.

எனினும் எண்ணை மனிதர் மட்டும் படிப்பதில்லை, நிரல்களும் படிக்கின்றன. 2.6 என்னும் தொடக்கத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட சில நிரல்கள் 3.0இல் பிழைபட்டன. அவற்றிடம் 2.6.40 என்று மாற்றிச் சொல்லும் வசதி 3.1இல் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 7இன் உள்ளெண் 6.1 என அமைந்ததும் இத்தகைய இணக்கம் கருதியே. மேக்ஓஎஸ் 11, பழைய நிரல்களிடம் தன்னை 10.16 என்றே காட்டிக்கொள்கிறது. மூன்று வேறுபட்ட திட்டங்கள் ஒரே பொய்யைச் சொல்ல நேர்ந்தமை கருதத்தக்கது. எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல், வேண்டிய வசதி உள்ளதா எனச் சோதித்திருப்பின் இச்சிக்கல் எழுந்திராது.

ஓபன்பிஎஸ்டி ஆறு மாதங்களுக்கு ஒருமுறை 0.1 கூட்டிச் செல்கிறது, 6.9ஐ அடுத்து 7.0 வந்தது, அவ்வளவே. ஃப்ரீபிஎஸ்டியின் நிலை வேறு. அங்கு ஒரு முதன்மைக் கிளைக்குள் இருமநிலை இடைமுகம் பேணப்படுகிறது. அதனைக் குலைக்கக்கூடிய மாற்றங்கள் அடுத்த கிளைக்குக் காத்திருக்கின்றன. கோப்புகளின் ஐநோடு எண்ணை 64 பிட்டாக விரித்த மாற்றம் 2018இல் 12.0உடன் வந்தது. முதலெண் உயர்ந்தால் நிறுவிய மென்பொருள் தொகுப்புகளை மீண்டும் நிறுவ வேண்டும் என்பதைக் கணினி நிருவாகி முன்னரே அறிந்துகொள்கிறார்.

ஆகவே வெவ்வேறு முதன்மைக் கிளைகளை ஒரே காலத்தில் பேணும் திட்டத்தில் மட்டுமே அவ்வெண் வாக்குறுதியாகிறது. அங்கு முறிவின்றி அதனை உயர்த்துவது பயனரைத் தவறாக வழிநடத்தும். லினக்ஸிலோ நெடுங்கால ஆதரவுகூட 4.14, 4.19 என இரண்டாம் எண்ணைக் கொண்டே தனித்தனியாக வழங்கப்பட்டது.