அம்மாவை விட்டுப் போன பையன்: ‘அபராஜிதோ’ ஏன் அன்னைக்கு ஓடலை?

தல்லாகுளத்திலிருந்து பேசுறோம். இந்தப் பக்கம் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்க நிறைய. ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி, “இந்த வாரம் வர்றியா?”ன்னு கேட்டா, “பரீட்சை இருக்கும்மா”ன்னு சொல்லிட்டு வெச்சிடுவோம். அந்தப் பதிலைத்தான் 1956-ல் சத்யஜித் ராய் முழுப் படமா எடுத்தார். படம் ‘அபராஜிதோ’. ‘தோல்வி காணாதவன்’னு அர்த்தம்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவல்களிலிருந்து ராய் எடுத்த மூன்று அபு படங்களில் இது நடுப்படம். ‘பதேர் பாஞ்சாலி’ பார்க்காதவங்களுக்கும் புரியும்.

1920, காசி. அபுவோட அப்பா ஹரிஹர் காய்ச்சல்ல இறந்துடுறார். அம்மா சர்போஜயா கொஞ்ச நாள் பணக்கார வீட்டில் சமையல் வேலை பார்த்துட்டு, பையனைக் கூட்டிக்கிட்டு உறவுக்காரப் பெரியவரோட கிராமத்துக்கு வந்துடுறாங்க. அபு பூசை செய்யக் கத்துக்கிறான். ஆனா அவனுக்குப் பள்ளிக்கூடம் போகணும். போறான், நல்லாப் படிக்கிறான், உதவித்தொகை கிடைக்குது. அடுத்து கல்கத்தா. “அப்ப நான்?”ங்கிறது அம்மாவோட கவலை. வாக்குவாதத்தில் பையனை அறைஞ்சிடுறாங்க. அப்புறம் அவங்களேதான் சேர்த்து வெச்ச பணத்தை எடுத்துக் கொடுத்து அனுப்புறாங்க.

கல்கத்தாவில் ராத்திரி அச்சகத்தில் வேலை, பகல்ல வகுப்பில் தூக்கம். லீவுக்கு வந்தாலும் அம்மா பேசப் பேச இவன் தூங்கிடுறான். திரும்பிப் போற அன்னைக்கு அவனை எழுப்ப அவங்களுக்கு மனசு வரலை. கோவிச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுறான். ரயில் வருது, ஏறலை. வீட்டுக்குத் திரும்பி, “ரயிலை விட்டுட்டேன்”ங்கிறான். அம்மாவுக்குக் கூடுதலா ஒரு நாள் கிடைச்சுது, அவ்வளவுதான். தனக்கு உடம்பு முடியலைன்னு அவங்க மகனுக்கு எழுதவே இல்லை. அவன் வந்து சேரும்போது வீடு காலி. உட்கார்ந்து அழுறான். பெரியவர் இருக்கச் சொல்றார். சடங்கைக் கல்கத்தாவிலேயே செய்துக்கிறேன்னு மூட்டையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறான்.

இந்தப் பையனை அன்றைய கல்கத்தா ரசிகர்கள் ஏத்துக்கலை. படம் ஓடலை. மகன்னா அம்மாவுக்காக உருகணும்ங்கிறது சினிமாவில் எழுதப்படாத சட்டம். நம்ம ஊர்லயும் அதேதான். அபு கெட்டவன் இல்லை, வளர்றான். அவனோட வளர்ச்சிக்கான விலையை வேற ஒருத்தர் கொடுக்கிறாங்க. ராய் அவனைத் திட்டவும் இல்லை, காப்பாத்தவும் இல்லை. அதுதான் உறுத்துச்சு. 1957-ல் வெனிஸ் விழாவில் இதே படத்துக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைச்சுது.

ஒரு தொழில்நுட்ப விஷயம். காசி வீட்டு முற்றம் ஸ்டூடியோ செட். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கு வெளிச்சத்தை அதில் பட்டு இறங்க வெச்சார். அதனால அது நிஜ வானத்து வெளிச்சம் மாதிரியே தெரியும்.

படம் பார்க்கும்போது அபுவை விட்டுட்டு, கருணா பானர்ஜியோட முகத்தைக் கவனிங்க. பையன் பேசாத இடத்தில் எல்லாம் அந்த முகம் பேசும். அடுத்த எபிசோட்ல 1959-ல் வந்த மூணாவது படம், ‘அபுர் சன்சார்’.