கடிகாரம் எப்போது தொடங்குகிறது?

வங்கியில் வாடிக்கையாளரின் காத்திருப்பை அளப்பவர், அவர் கவுன்ட்டரை அடைந்த பிறகே கடிகாரத்தை ஓடவிட்டால், வாசல்வரை நீண்ட வரிசை கணக்கில் வராது. தரவுத்தளங்களின் வேகத்தை அளக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இதே தர்க்கப் பிழை இருந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. சோதனை நிரல் ஒன்று விநாடிக்கு 100 கோரிக்கைகளை அனுப்ப வேண்டும். ஆனால், முந்தையதற்கு விடை வந்த பின்னரே அடுத்ததை அனுப்பும். முதல் 50 விநாடிகள் தரவுத்தளம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 1 மில்லிவிநாடியில் விடை தருகிறது. அடுத்த 10 விநாடிகள் உறைந்துவிடுகிறது. பதிவேட்டில் 5,000 விரைவான விடைகளும் ஒரே ஒரு தாமதமும் இருக்கும். சராசரி 3 மில்லிவிநாடி!

உண்மையில், உறைந்திருந்த நேரத்தில் 1,000 கோரிக்கைகள் சென்றிருக்க வேண்டும். உறைவு நீங்கியதும் அனைத்துக்கும் உடனே விடை கிடைப்பதாகக் கொண்டாலும், அவை சராசரியாக 5 விநாடிகள் காத்திருந்திருக்கும். அவற்றையும் சேர்த்தால் சராசரி ஏறத்தாழ 830 மில்லிவிநாடி. தரவுத்தளம் திணறும் வேளையில் அளப்பவரும் சேர்ந்து ஓய்வெடுப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கில் டெனே என்ற மென்பொருள் வல்லுநர் இதற்குச் சூட்டிய பெயரை 'ஒருங்கிணைந்த விடுபடல்' எனத் தமிழில் கூறலாம்.

திருத்தம் எளிது. கோரிக்கை அனுப்பப்பட்ட கணத்திலிருந்து அல்லாமல், அனுப்பப்பட்டிருக்க வேண்டிய கணத்திலிருந்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். யாஹூ ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட, பரவலாகப் பயன்படும் 'ஒய்.சி.எஸ்.பி.' சோதனைக் கருவியிலும் இவ்வாறு அளக்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு இப்பிழை புதிதன்று. வேலை கிடைக்காது என்று சலித்துத் தேடுவதையே நிறுத்தியவர், வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் இடம்பெறுவதில்லை. நெருக்கடி முற்றும்போதுதான் இத்தகையோர் பெருகுகின்றனர். அப்போதுதான் கணக்கும் அவர்களைக் கைவிடுகிறது.

இன்று பணப் பரிமாற்றம், பயணச்சீட்டு, மருத்துவமனைப் பதிவு என அனைத்தும் தரவுத்தளங்களை நம்பியுள்ளன. அவற்றை வாங்கும் நிறுவனங்கள், விற்பவர் காட்டும் சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தகாது. கடிகாரம் எந்தக் கணத்தில் தொடங்கப்பட்டது, கணினி உறைந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய கோரிக்கைகள் எங்கே என்ற இரு கேள்விகளுக்கும் எழுத்துபூர்வமான விடை பெற்ற பின்னரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும்.