திருவிழா ஒலியைத் தணிக்க வைக்கோற் கட்டுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள கான்சாபுரம் நெல் விளையும் ஊராகும். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர் பாயும் இவ்வட்டாரத்தில், அறுவடை முடிந்தபின் களங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் வைக்கோற் படப்புகள் எழும்புகின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் அம்மன் கோயில்களின் பொங்கல் விழாக்களும் தொடங்கிவிடுகின்றன. வைக்கோல் மலிந்திருக்கும் காலமும் ஒலிபெருக்கி முழங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் முன்னதைக் கொண்டு பின்னதைத் தணிக்கலாமா என்பது ஆராயத்தக்கதாகும்.

விழாவில் இசை வேண்டாமென்பார் எவருமிலர். ஆனால் வில்லுப்பாட்டும் கரகாட்டமும் இன்னிசைக் கச்சேரியும் நடைபெறும் திடலுக்கு அடுத்த தெருவில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் உளர். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் மாணாக்கரும், விடியுமுன் எழுந்து பால் கறக்க வேண்டிய குடியானவரும் அங்கேயே வசிக்கின்றனர்.

சட்டத்தின் வரம்பு

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவில் 45 டெசிபலுமே அளவாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டொன்றில் 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்களிக்கலாம். சென்னையில் எழுந்த ஒரு வழக்கில், ஒலிபெருக்கியால் பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எந்த மதமும் கூறவில்லையென உச்ச நீதிமன்றம் அதே 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

வைக்கோல் செய்யும் வேலை

வைக்கோற் கட்டு இருவகையில் உதவுகிறது. அதன் துளைகளுள் நுழையும் ஒலி, தாள்களுக்கிடையே உராய்ந்து வலுவிழக்கிறது. ஆகையால் சுவரில் பட்டதுபோல் முழுவதும் எதிரொலிப்பதில்லை. மேலும், கட்டின் எடை ஒலியை ஊடுருவ விடாமல் தடுக்கிறது. ஒலித் தடுப்புக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ எடையிருந்தால் போதுமானது. இறுகக் கட்டிய வைக்கோல் கன மீட்டருக்கு 100 கிலோ எனக் கொண்டால், 45 சென்டிமீட்டர் கனமுள்ள சுவரில் சதுர மீட்டருக்கு 45 கிலோ அமையும்.

எனினும் இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். வினாடிக்கு 1,000 அதிர்வுகளுள்ள ஒலியின் அலை நீளம் சுமார் 34 சென்டிமீட்டர். ஆளுயரச் சுவர் அதனை நன்கு மறைக்கும். 50 அதிர்வுகளுள்ள தாழ்ந்த முழக்கத்தின் அலையோ ஏறக்குறைய 7 மீட்டர் நீளமுள்ளது; அது சுவரின்மேல் வளைந்து சென்றுவிடும். எனவே பாட்டும் நாதசுரமும் தணியுமளவுக்குப் பேரிகையின் அதிர்வு தணியாது. தாழ்ந்த ஒலியை அடக்க நிலத்தின் அமைப்பே உதவுகிறது. ஹாலந்தில் ஸ்கிப்போல் விமான நிலையத்தருகே உழவு முடிந்த பருவத்தில் இரைச்சல் குறைந்ததைக் கவனித்து, 2013-ஆம் ஆண்டில் மண் வரப்புகளாலான பூங்காவொன்றை அமைத்தனர்.

அடுக்கும் முறை

முதலாவதாகச் செய்யத்தக்கது, கம்பத்தின் உச்சியிலுள்ள கூம்பு ஒலிபெருக்கிகளை இறக்குவதேயாகும். உச்சியிலிருந்து பரவும் ஒலிக்கு வைக்கோற் சுவர் தடையாகாது. பெரிய கருவி ஒன்றினும், கேட்போர் அருகில் தாழ வைத்த சிறு கருவிகள் பல நலம் தரும். தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையுமாதலால், கருவிகளை ஊருக்கு எதிர்ப்புறம் நோக்கி அமைத்தல் வேண்டும்.

பின்னர், ஒலிபெருக்கிக்கும் வீடுகளுக்கும் இடையே, கருவிக்கு இயன்றவரை அண்மையில் கட்டுகளை அடுக்குக. வீட்டிலிருந்து நோக்கினால் கருவி தென்படாத உயரமிருத்தல் அவசியம். அவ்வளவேயாயின் 5 டெசிபல் அளவு குறையும். மேலும் உயர்த்தினால் 10 வரை எதிர்பார்க்கலாம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஒலி பாதியானதுபோல் தோன்றும். செங்கல் வரிசைபோல் இணைப்பு மாறி வருமாறு அடுக்குதல் நன்று. இயந்திரம் கட்டும் உருளைக் கட்டுகளின் நடுவே இடைவெளி விழும்; அதனை உதிரி வைக்கோலால் திணிக்காவிடில் பயனிற் பெரும்பகுதி போய்விடும். அடியில் அகன்றும் மேலே குறுகியும் கட்டி, முளையடித்து நிறுத்துக. சிறுவர் ஏறவிடலாகாது. அந்தி சாய்ந்தபின் தரையையொட்டிய காற்று குளிர்வதால், மேற்சென்ற ஒலி கீழே வளைந்து நெடுந்தூரம் எட்டும். ஆகையால் இரவில் கருவியின் ஒலியளவையும் குறைத்தேயாக வேண்டும்.

தீயைப் பற்றிய எச்சரிக்கை

1997-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைக் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வைக்கோலும் கீற்றைப் போன்றதே. வாணவேடிக்கை உண்டெனில் வைக்கோற் சுவர் அறவே கூடாது. மின் கம்பி, ஜெனரேட்டர், அடுப்பு, தீச்சட்டி ஆகியவற்றினின்றும் விலக்கி, நீர்த் தொட்டியும் மணலும் அருகில் வைத்து, தீயணைப்பு நிலையத்தாரின் யோசனையையும் பெறுதல் வேண்டும். மக்களைச் சூழ வேலிபோல் ஒருபோதும் அடுக்கலாகாது. வெளியேறும் வழிகள் திறந்தேயிருக்க வேண்டும்.

விழா முடிந்தபின்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில் வைக்கோல் வீணாகத் தக்க பொருளன்று. கட்டுகளை மரச்சட்டங்களின்மேல் அடுக்கினால் மண்ணீரம் ஏறாது. மழைக்குறி தோன்றினால் உடனே மூடிவைத்தல் நலம். பிரிக்கும்போது ஆணி, கண்ணாடித் துண்டு, நைலான் கயிறு முதலியவற்றைப் பொறுக்கியெடுத்த பின்னரே மாட்டுக்கு இடலாம். நனைந்து பூஞ்சை பிடித்ததை எருக்குழியில் சேர்த்துவிடுக.

இவ்வாறு செய்தால் சில நாட்களுக்கு இரவலாகப் பெற்ற வைக்கோல் மீண்டும் தொழுவத்தை அடையும். ஆயினும் வைக்கோல் துணையேயன்றி மருந்தன்று. ஒலியைக் குறைக்கும் பொறுப்பு முதற்கண் கருவியை இயக்குவோர் கையிலேயே உள்ளது. விழாக் குழுவினரும் குடியானவர்களும் கலந்து பேசி இதனை ஏற்பாடு செய்வார்களாயின், அம்மனுக்குரிய கொண்டாட்டமும் அண்டை வீட்டாரின் உறக்கமும் ஒருங்கே காக்கப்படும்.