தொப்பி கேட்காத ஹெட்போன்

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோயில் திருவிழா, காதுகுத்து என்று மேளக்கச்சேரிகளை ரெக்கார்டிங் செய்பவர். எட்டு வருஷமாக ஒரே ஹெட்போன். “இப்பல்லாம் தவில்ல வலந்தலை கணீர்னு கேக்குது, தொப்பி கேக்கவே மாட்டேங்குது. கடையில காட்டுனா டிரைவர் போயிருச்சு, புதுசு வாங்குங்கங்கிறாங்க. நெசமா சார்?”

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் லேசாகக் காதோடு அழுத்துங்கள். தவிலின் தாழ்ந்த ஒலி முகமான தொப்பி திரும்பி வந்தால் டிரைவர் நலம். போயிருப்பது காதைச் சுற்றி உட்காரும் குஷன்.

காரணம் இது: 50 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். உங்கள் காதுக் கிண்ணமோ உள்ளங்கை அகலம். அவ்வளவு பெரிய அலை அதற்குள் ஓடி விளையாட இடமே கிடையாது. உள்ளே நடப்பது வேறு: டிரைவரின் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, அடைபட்ட காற்றை அமுக்கித் தளர்த்துகிறது. சைக்கிள் பம்ப்தான். வாஷர் தேய்ந்த பம்பை மெதுவாக அடித்துப் பாருங்கள்; காற்று ஓரமாக நழுவிவிடும், டியூப் அசையாது. வெடுக்கென்று அடித்தால் நழுவ நேரமில்லாமல் கொஞ்சம் ஏறும். தொப்பி மெதுவான அடி, வலந்தலை வேகமான அடி. குஷனில் ஒரு வெடிப்பு விழுந்தால் முதலில் காணாமல் போவது தொப்பிதான். கண்ணாடி போட்டவர்களுக்குக் காம்பு ஓரமாகவும் கொஞ்சம் ஒழுகும். சைக்கிள் கடைக்காரர் தோல் வாஷருக்கு எண்ணெய் விடுவார். நமக்கு அந்த வேலை இல்லை, தலையே தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறது. குஷனின் ரெக்சினுக்கு அது ஆகாது என்பதோடு உவமையை நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ரெக்சின் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. அதில் எஸ்டர் பிணைப்பு உள்ள ரகத்தைத் தண்ணீர் மூலக்கூறு வெட்டும். வெட்டிய இடத்தில் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவாக்கும். மதுரைச் சித்திரை வெயிலும் வேர்வையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். பீரோவில் பூட்டினாலும் தப்பாது, காற்றிலுள்ள ஈரமே போதும். நல்ல நாளைக்கு ஆகட்டும் என்று நான் எடுத்துவைத்த ஹெட்போனின் குஷன் நாலு வருஷத்தில் கருப்புச் செதிலாக உதிர்ந்தது. காதோரம் அந்தச் செதிலோடே ஒரு கல்யாணத்துக்கும் போய்வந்தேன்.

1991-ல் வந்த சோனி எம்டிஆர்-7506 ஹெட்போன் இன்றும் விற்கிறது. தொழில்காரர்கள் இப்படிப் பழைய மாடலையே கட்டிக்கொண்டு அழுவது பாசத்தால் அல்ல. குஷன் தனியாகக் கிடைக்கும், அதனால்தான்.

புதுசு வாங்கப் போனால், அட்டைப்பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். நம் காது 20,000-லேயே நின்றுவிடும். வயது ஏற ஏற அதுவும் குறையும். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனியும் என்பார்கள். பெரும்பாலும் கனிவது குஷன்தான்: மெத்தென்றாகித் தலையோடு படிகிறது. மீதி, நம் காது பழகிப்போவது.

ஒழுகும் குஷன் வெளிச் சத்தத்தையும் உள்ளே விடும். வால்யூமைக் கூட்டுவீர்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். தொப்பி கேட்கவில்லையே என்று மிக்சரில் பேஸைத் திருகினால் இன்னொரு வினை: வீட்டில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பவருக்குத் தொப்பி மட்டும்தான் கேட்கும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். சில நூறு ரூபாய்க்குக் குஷன் வாங்கி மாட்டிவிட்டு மறுவாரம் அவரே கூப்பிட்டார். தொப்பி வந்துவிட்டதாம். குரலில் சந்தோஷத்தைக் காணோம். ரெண்டு வருஷமாகப் பதிந்து கொடுத்ததையெல்லாம் எடுத்துக் கேட்டிருக்கிறார்.

“எல்லாத்துலயும் அடியில ம்ம்ம்னு ஒண்ணு ஓடுது சார். ஜெனரேட்டர் கரண்டு.”

50 ஹெர்ட்ஸ்.